மூன்றரை அடித் தெரு

கூரையில் வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது.

தகரக் கூரை. அதன் அடிவயிற்றில் வெள்ளி வெள்ளியாய் நெளிவுகள். மேலே மழை. கீழே ஆறு. நடுவே ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம்.

ஆறு இருக்க வேண்டிய இடம் அதுவல்ல. கெடிலத்துக்கென்று அரைக் கல் தொலைவில் தனியாக இடம் ஒதுக்கியிருக்கிறது, வெகு காலமாக. அன்று விடியற்காலை அது எழுந்து, தெருவுக்கு வந்து, மண்டபத்துக்குள் நுழைந்து, மணமேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. யாரும் அழைக்கவில்லை. யாரும் எழுப்பவும் துணியவில்லை.

அந்த ஆறுதான் படிக்கட்டு வழியாக மேலே வெளிச்சத்தை அனுப்பிக்கொண்டிருந்தது. தான் வந்துகொண்டிருப்பதாகச் சொல்லி அனுப்புவதுபோல.

அபரஞ்சி அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். குனிந்து தரையைப் பார்த்தாள். திரும்பிக் கதவைப் பார்த்தாள்.

கதவைத்தான் நெடுநேரம் பார்த்தாள்.

*

அறுபத்து மூன்று வயது. தொழில், இன்டீரியர் டிசைனர். கடலூரில் பாதிப்பேருக்கு அந்தச் சொல் பல்லில் மாட்டியதால், ‘எடம் பாக்குற அம்மா’ என்று சுருக்கிக்கொண்டார்கள். சுருக்கியதில் தப்பில்லை. அவள் பார்த்தது இடத்தை மட்டுந்தான்.

திரைச்சீலை, பெயின்ட், தொங்கும் விளக்கு எல்லாவற்றையும் மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டாள். எது எங்கே. எதற்கும் எதற்கும் நடுவே எவ்வளவு. அதற்குமேல் உலகத்தில் அவளுக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

ஏழு வயதில் தொடங்கிய நோய் அது. ரயில்வே குடியிருப்பில் ஓர் அறை, ஒன்பது பேர். ஒருநாள் டிரங்குப் பெட்டியைச் சுவரிலிருந்து சுவருக்கு நகர்த்தினாள். அம்மியைத் திருப்பி வைத்தாள். அன்றைக்குப் பதினோரு பேர் படுத்தார்கள். கூட வந்த இரண்டு பேர் யாரென்று இன்றுவரை தெரியாது. நன்றாகத் தூங்கினார்கள்.

அறையில் நின்று ஒரு தும்மல் போட்டால் போதும். எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்து நீளம் சொல்வாள். அரை அங்குலம் பிசகாது. சளி பிடித்த நாட்களில் மட்டும் ஓர் அங்குலம் கூடக் காட்டும்.

வீடு கட்டுமுன் வெற்று மனையில் சுண்ணக்கட்டியால் முழு வீட்டையும் வரைவாள், உள்ளது உள்ள அளவில். சொந்தக்காரர்களை அழைத்து அரைமணி நேரம் அதற்குள் குடியிருக்கச் சொல்வாள். ஒரே நிபந்தனை. வாசல் வழியாக வர வேண்டும். கோட்டைத் தாண்டக் கூடாது. நெய்வேலியில் ஓர் என்ஜினீயர், படித்தவர், கோடுதானே என்று அலட்சியமாய்க் குறுக்கே நடந்தார். நெற்றி புடைத்துக்கொண்டது. மூன்று நாள் ஒத்தடம் கொடுத்தார்கள்.

எல்லா வீட்டிலும் ஓரிடத்தைக் காலியாக விடுவாள். மூன்றடி. நான்கடி. வெறுமனே. மூச்சு வாங்க.

இரண்டு வருடம் கழித்துப் போய்ப் பார்ப்பாள். அங்கே ஒரு வாஷிங் மெஷின் நிற்கும். அல்லது சைக்கிள். அல்லது சாமி படம், கீழே தண்ணீர்க் கேன், கேன் மேல் இஸ்திரிப் பெட்டி.

நாற்பது வருடம். இருநூற்றுப் பதினாறு வீடு. அவள் விட்ட காலி இடம் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

*

கதவு இரண்டரை அடி.

அது எச்சில் இலைக் கதவு. பந்தி முடிந்ததும் இலைகளைச் சுருட்டி வெளியே தள்ளுவதற்கு வைத்தது. வெளியே ஒரு சிமென்ட் மேடை, இரண்டு ஆள் நிற்கலாம். அதற்குக் கீழே எப்போதும் குப்பைத் தொட்டியும் இரண்டு மாடுகளும் இருக்கும். இப்போது தண்ணீர். பழுப்பாய், அவசரமாய்.

மொட்டை மாடி கிடையாது. ஜன்னல்களுக்கெல்லாம் கனத்த இரும்புக் கம்பி, பாத்திரம் களவு போகாமலிருக்க. படிக்கட்டு ஆற்றுக்குள் இறங்கியது. ஆக, படகு என்று ஒன்று வந்தால் அந்தக் கதவுக்குத்தான் வந்தாக வேண்டும்.

கூடம் எழுபத்திரண்டு அடி நீளம், முப்பது அடி அகலம். உள்ளே நூற்று அறுபத்து மூன்று பேர். ஈரமாய், மூட்டைகளோடு, போட்டது போட்டபடி கிடந்தார்கள்.

அபரஞ்சி மனசுக்குள் கணக்குப் போட்டாள். வரிசையாய் வந்தால் அந்தக் கதவு நிமிடத்துக்கு முப்பது பேரை விடும். மொத்தமாய் வந்தால் ஒருவரையும் விடாது.

பதினோரு வயதில் ஒரு திருவிழாவில், சவுக்குக் கம்பு கட்டிய ஒரு வாசலில், ஜனம் மொத்தமாய் வந்தது. அவள் கையை அக்கா பிடித்திருந்தாள். பிறகு பிடித்திருக்கவில்லை.

அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை. அதனால் இங்கேயும் அதற்குமேல் இல்லை.

*

மண்டபத்தின் மேனேஜர் கலியபெருமாள் படிக்கட்டிலிருந்து ஏறி வந்தார். ஒல்லி மனிதர். இடுப்பில் சாவிக்கொத்து. அது அவரைவிடக் கனம்.

“மேடம், இருபத்திரண்டு படி. பன்னெண்டு பாக்கி.”

“படகு?”

“கலெக்டர் ஆபீஸ்ல நாலு மணின்னாங்க.” சாவிக்கொத்தை ஏற்றிச் செருகிக்கொண்டார். “எந்த ஊரு நாலு மணின்னு சொல்லல.”

மணி ஏழு. வெளியே விடிந்தும் விடியாத சாம்பல் வெளிச்சம்.

அபரஞ்சி கைப்பையைத் திறந்தாள். வீட்டை விட்டு ஓடிவரும்போது கையில் அகப்பட்டதை எடுத்துப் போட்டிருந்தாள். ஒரு டேப். ஒரு பெட்டி சாக்பீஸ். வீட்டுப் பத்திரம் வீட்டிலேயே நனைந்துகொண்டிருந்தது.

“கலியபெருமாள், தரையத் துடைக்கணும். நல்லாக் காயணும்.”

“தண்ணி மேல வருதும்மா. இப்ப எதுக்குத் துடைக்கிறது?”

“வரைய.”

நெரிசல் என்ற சொல்லை அவள் சொல்லவில்லை. அந்தச் சொல்லைச் சொன்னாலே அது வந்துவிடும். எல்லாரும் சௌகரியமாய்ப் படுக்க வேண்டாமா என்றாள். அவ்வளவுதான்.

பந்தி விரிப்புக் காகிதத்தாலும் மணவறைத் துணியாலும் தரையைத் துடைத்தார்கள். அபரஞ்சி குனிந்தாள். முழங்கால் நொடித்தது. சாக்பீஸ் கீச்சிட்டது.

நடுவே ஒரு தெரு. படிக்கட்டிலிருந்து எச்சில் இலைக் கதவு வரை, நேராய், ஆறடி அகலம். இரண்டு பக்கமும் பன்னிரண்டு பன்னிரண்டு வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் தெருவைப் பார்த்து ஒரு வாசல், அதாவது கோட்டில் ஓர் இடைவெளி.

இருபத்து நான்கு வீடு. ஒன்றே கால் மணி நேரம். நாற்பது வருடத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் ஒரு கக்கூஸைக்கூட வரைந்ததில்லை.

*

பத்து படி பாக்கி.

அப்போதுதான் இட்லிக்கடை பட்டம்மாள் எழுந்தாள். நான்கு தெருவுக்கு இட்லி போடுகிறவள். குரல் ஐந்தாவது தெருவுக்கும் போகும்.

“ஏம்மா, எடம் பாக்குறவளே. இதுல நாங்க எப்படிப் படுக்கிறதாம்?”

“காலத் தெருப்பக்கம் நீட்டி.”

“அப்ப தல?”

அபரஞ்சி சுவரைக் காட்டினாள். காட்டிய விரல் பாதியில் நின்றது.

வடக்கு.

“நல்லா இருக்குதே! பொணந்தான் வடக்க தல வெச்சுப் படுக்கும். தண்ணியே வடக்கேருந்துதான் வருது. வாயத் தொறந்துகினு அதுக்கு நேரா தலைய வெக்கச் சொல்றா பாரு!”

வடக்குப் பக்கத்துப் பன்னிரண்டு வீடும் ஒரே ஆளாய் எழுந்து உட்கார்ந்தது.

வாஸ்துக்காரர்களோடு நாற்பது வருடம் சண்டை போட்டவள் அபரஞ்சி. மூன்று பேரைத் தொழிலைவிட்டே ஓட வைத்திருக்கிறாள். ஒருவர் இப்போது மீன் வளர்க்கிறார். அப்படிப்பட்டவள் வடக்கை மறந்ததில் அதிசயமில்லை. ஆனால் அவள் மறந்தது ஓர் அளவை. தலை எந்தப் பக்கம் என்பதும் ஓர் அளவுதான்.

தலையைத் தெருப்பக்கம் வைக்கலாமா என்றாள். தலைமாட்டில் ஊரெல்லாம் நடக்குமா என்றார்கள். நியாயம்.

ஆக, எல்லாரும் கிழக்கே தலை. ஒருவருக்கு அடுத்து ஒருவர். ஆனால் உள்ளே படுத்தவர் வெளியே வர, படுத்திருப்பவரைத் தாண்டக் கூடாதே. அதற்கு வீட்டுக்குள் ஒரு நடை. வீடுகள் நீண்டன. தெரு சுருங்கியது.

அழித்தாள். வரைந்தாள். அழித்தாள். வரைந்தாள்.

ஆறடித் தெரு மூன்றரை அடி ஆனது.

மூன்றரை அடி. ஓர் ஆள், ஒரு மூட்டை. இரண்டு ஆள் உரசாமல் போக முடியாது. இதற்குமேல் ஒரு விரல் குறைந்தாலும் அது தெருவல்ல.

மழை தகரத்தில் ஒரே சுருதியில் விழுந்துகொண்டிருந்தது.

*

குடிவந்தார்கள்.

முதலில் சிரித்துக்கொண்டே வந்தார்கள். கோட்டு வீட்டுக்குள் கால் வைக்கும்போது ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சிரிப்பு நின்றது. ஓர் அடி நிலம் நம்முடையது என்றால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

பட்டம்மாள் அபரஞ்சியிடம் ஒரு துண்டு சாக்பீஸ் வாங்கித் தன் வாசலில் ஐந்து புள்ளிக் கோலம் போட்டாள். பத்து நிமிடத்தில் தெரு முழுக்கக் கோலம்.

ஒருவர் பக்கத்து வீட்டில் தீப்பெட்டி கேட்கப் போனார். வாசலில் நின்று ‘டொக் டொக்’ என்றார். ‘யாரு?’ என்று கேட்டார்கள், முகத்தைப் பார்த்துக்கொண்டே.

ஒரு புருஷன் பெண்சாதியோடு சண்டை போட்டு வீட்டைவிட்டு வெளியேறினான். தெருவில் நின்றான். நாலைந்து வீட்டில் விசாரித்தார்கள். திரும்பி உள்ளே போனான்.

மூன்றாம் வீட்டில் கல்யாணமாகி எட்டே நாளான ஒரு ஜோடி. அவன் அவள் தலையைத் துவட்டிவிட்டான். இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் ஏழு அடி தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றும் தெரியவில்லை என்று சத்தியம் செய்தார்கள். நடுவில் சுவர் இருந்ததாம்.

அபரஞ்சி தெருவில் நடந்தாள். கதவிலிருந்து படி. படியிலிருந்து கதவு. ஒரு செருப்பு தெருவில் கிடந்தது. எடுத்து வீட்டுக்குள் வைத்தாள். ஒரு குடம். வைத்தாள். நீட்டிய ஒரு கால். அதையும் எடுத்து உள்ளே வைத்தாள்.

தெரு காலியாக இருந்தது.

எட்டு படி பாக்கி. ஏழு.

*

நண்பகலில், வெளிச்சம் கொஞ்சம் மஞ்சளித்த நேரத்தில், ஒரு ஃபிரிட்ஜ் வந்தது.

மல்லாந்து மிதந்து வந்தது. அதன்மேல் லாரி டிரைவர் தட்சிணாமூர்த்தி, அவன் பெண்சாதி, மாமனார், நான்கு பிள்ளைகள். கையில் துடுப்பாக ஒரு முருங்கைக் கிளை. எச்சில் இலைக் கதவருகே வந்ததும் வழக்கம்போல ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினான். பிறகு ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே தயிர் அப்படியே உறைந்திருந்தது.

தயிரை இருபத்து நான்கு வீட்டுக்கும் கொடுத்தார்கள். இடத்தைத்தான் யாரும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை.

தட்சிணாமூர்த்தி பெரிய ஆள். அவன் நின்றால் அந்த இடம் நிரம்பும். கூடத்தை ஒருமுறை பார்த்தான். கண் தெருவில் வந்து நின்றது.

“இங்க சும்மாதானே கெடக்குது.”

அந்த வார்த்தையை இருநூற்றுப் பதினாறு வீட்டில் கேட்டிருக்கிறாள் அபரஞ்சி. ஒவ்வொரு வீட்டிலும் தோற்றிருக்கிறாள்.

“அது தெரு. அங்க இறக்கக் கூடாது.”

“ஏழு பேரும்மா. மாமனாருக்கு நிக்க முடியல. பாருங்க, ஒதறுறாரு.”

உதறினார். பற்கள் தகரக் கூரையோடு போட்டி போட்டன.

கூடம் திரும்பியது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு தலை. “பாவம், படுக்கட்டும்மா.” “நடக்கிறதுக்கு இவ்ளோ பெரிய தெருவா?” “கோடு பெரிசா மனுசன் பெரிசா?”

மனுசன்தான் பெரிசு. அதனால்தான் கோடு. ஆனால் அதை எப்படிச் சொல்வது, அந்தச் சொல்லைச் சொல்லாமல்?

தட்சிணாமூர்த்தி மூட்டையை இறக்கினான். தெருவின் நடுவில்.

அபரஞ்சி அவன் பக்கத்தில் போய் நின்றாள். அவன் விலாவுக்குத்தான் வந்தாள். குரலைத் தணித்தாள்.

“தம்பி, ஒத்த லாரி போற பாலம். ரெண்டு லாரி ஏறுனா என்னாகும்?”

“ரெண்டும் மாட்டிக்கும்.”

“நூத்தி எழுவது ஏறுனா?”

அவன் அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. அவள் பார்த்த திசையில் அவனும் பார்த்தான்.

கதவு இரண்டரை அடி.

மூட்டையைத் தூக்கிக்கொண்டான்.

*

மூட்டை தோளில் இருக்கிறது. ஏழு பேர் நிற்கிறார்கள். ஆறு படி பாக்கி.

இடம் இல்லை என்று எல்லா வீடும் சொல்லும். எட்டு விரல் இடம் இல்லையென்று எந்த வீட்டுக்காரரும் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அபரஞ்சி நாற்பது வருடத்தில் கற்றது மொத்தமும் இவ்வளவுதான்.

வடக்கு வரிசையில் பன்னிரண்டு வீடு. வீட்டுக்கு எட்டு விரல், அதாவது அரை அடி. சேர்த்தால் ஆறடி. ஒரு முழு வீடு.

“எல்லாரும் முழங்கால மடக்கிப் படுத்தா போதும்” என்றாள்.

எட்டு விரலுக்கு நடந்த வாய்ச் சண்டையில், மழை சற்று நின்று கேட்டது. பாட்டன் காலத்திலிருந்து இந்த மூலை எங்களுடையது என்றார் ஒருவர். காலை பத்து மணிக்குக் குடிவந்தவர். ஒருவர் விரலின் தடிமனை எதிர்த்தார். யாருடைய விரல் என்றார். பட்டம்மாளின் விரலால் அளப்பதை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

கடைசியில் தட்சிணாமூர்த்தியின் நான்கு வயது மகளின் விரலால் அளந்தார்கள். அரை அடிக்கு எட்டுக்குப் பதில் பதினைந்து விரல் வந்தது. அளந்தவர்கள் யாரும் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அபரஞ்சி மறுபடி குனிந்தாள். பன்னிரண்டு சுவரையும் ஒவ்வொன்றாய் நகர்த்தினாள். முதல் சுவர் அரை அடி. இரண்டாவது ஓரடி. கடைசிச் சுவர் ஆறடி. கடைசிச் சுவருக்கு வந்தபோது சாக்பீஸ் நகத்தளவுக்குத் தேய்ந்திருந்தது.

பதின்மூன்றாம் வீடு. வரிசையின் கோடியில். படிக்கட்டை ஒட்டி.

அதாவது தண்ணீரை ஒட்டி.

அது அவளுக்குத் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்தது. வேறு இடமில்லை. வாசல் வழியாக ஏழு பேரும் உள்ளே போனார்கள். மாமனார் முழங்காலை மடக்கிப் படுத்தார். அந்த வரிசை முழுக்கவும் முழங்காலை மடக்கியது. ஒரே பக்கமாய், ஒரே கோணத்தில்.

தெரு காலியாக இருந்தது.

*

நான்கு படி. மூன்று.

பேச்சு குறைந்தது. கூரையில் வெளிச்சம் பெரிதாகிவிட்டது. தண்ணீர் கிட்டே வந்தால் அதன் வெளிச்சமும் கிட்டே வரும். முகங்களில் ஆடியது. மூடிய கண்ணிமைகளில் ஆடியது.

இரண்டு.

கலியபெருமாள் இப்போது சத்தமாய்ச் சொல்லவில்லை. விரலைக் காட்டினார்.

அபரஞ்சி கதவருகே போய் நின்றாள். வெளியே தண்ணீரும் மழையும் ஒரே நிறம். எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று அளக்க முடியவில்லை. அவளால் அளக்க முடியாதது ஒன்று இருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஒன்று.

ஒரு விரல். பிறகு கலியபெருமாள் விரலை மடக்கினார்.

அந்த நேரத்தில்தான் மோட்டார் சத்தம் கேட்டது.

மூன்று படகு. மீனவர்களின் ஃபைபர் படகுகள், மழைக்குள்ளிருந்து நீல நிறமாய் வந்தன. முன்னால் நின்றவர் சங்கு ஊதுவதுபோல வாயைக் குவித்துக் கத்தினார். “ஒரு போட்டுக்கு இருவது பேரு! இருவதுதான்!”

நூற்று எழுபது பேர் எழுந்து நின்றார்கள்.

சத்தமில்லாமல் எழுந்தார்கள். அந்தச் சத்தமின்மை அபரஞ்சிக்குத் தெரியும். பதினோரு வயதிலிருந்து தெரியும். ஜனம் பேசிக்கொண்டிருக்கும்வரை பயமில்லை. பேச்சு நின்றால், அடுத்தது கால்.

மூன்று படகு. அறுபது பேர். எல்லாரும் அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்போது படிக்கட்டின் விளிம்பைத் தாண்டித் தண்ணீர் ஒரு நாக்கை உள்ளே நீட்டியது. பதின்மூன்றாம் வீட்டு மாமனாரின் உள்ளங்காலை நக்கியது. அவர் அலறினார்.

தட்சிணாமூர்த்தி மகளை வாரித் தோளில் போட்டான். முன்னால் பன்னிரண்டு வீடு, குறுக்கே பன்னிரண்டு கோடு, அதற்கப்பால் கதவு. அவன் காலுக்கு அது எட்டுத் தாவல். அவன் ஓடினால் எல்லாரும் ஓடுவார்கள். எல்லாரும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் ஓடட்டும் என்றே காத்திருந்ததுபோல.

கால் தூக்கினான்.

கோட்டைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குள் வைத்தான்.

அபரஞ்சியின் கை, தன்னாலே, எதையோ பிடிப்பதற்காக நீண்டது. பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை.

“யோவ் டிரைவரு!”

பட்டம்மாள். பன்னிரண்டாம் வீடு.

“கண்ணு தெரியல? அது எங்க சுவருய்யா! எட்டு விரல் குடுத்தா ஏறி மிதிப்பியா? வாசல் எங்க இருக்குது, நீ எங்க வர்ற?”

அவன் நின்றான்.

குனிந்து காலைப் பார்த்தான். கோடு பாதத்தின் கீழ் பாதி அழிந்திருந்தது. அவன் முகத்தில் ஒரு கூச்சம் வந்தது. அடுத்தவர் வீட்டுக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டவனின் கூச்சம்.

“தெரியாம வந்துட்டேன்க்கா” என்றான்.

காலைப் பின்னால் எடுத்தான். தன் வீட்டுக்குள் திரும்பினான். வாசல் வழியாக, கோலத்தை மிதிக்காமல், தெருவுக்கு வந்தான்.

எங்கோ யாரோ சிரித்தார்கள். இன்னொருவர். நின்றுபோன பேச்சு மறுபடி வந்தது. ‘அந்தப் பைய எடு.’ ‘பாட்டில விட்டுட்டு வரியே.’ ‘நம்ம வாசல் இந்தப் பக்கம்டீ.’

தட்சிணாமூர்த்தி தெருக்கோடியில் தண்ணீரில் நின்றுகொண்டான். மகள் தோளில். தொண்டையைச் செருமினான். பிறகு, சந்துக்குள் லாரியை விடுகிற குரல் எடுத்தான்.

“மொத வீடு... வரலாம் வரலாம் வரலாம்... ஹோல்டான்! எதிர் வீடு... வரலாம்...”

வந்தார்கள். வாசல் வழியாக வந்தார்கள். ஓர் ஆள், ஒரு மூட்டை. ஓர் ஆள், ஒரு மூட்டை. மூன்றரை அடித் தெரு அவர்களை நூல்போல இழுத்து, இரண்டரை அடிக் கதவுக்குள் கோத்தது. புது ஜோடி கைகோத்துக்கொண்டு வந்தது. தெரு அதற்கு இடம் தரவில்லை. ஒருவர்பின் ஒருவராய்க் கைகோத்துக்கொண்டது.

அபரஞ்சி கதவருகே நின்று ஒவ்வொரு தோளையும் தொட்டு அனுப்பினாள். எண்ணவில்லை. எண்ணுவது அவள் வேலை, அன்று எண்ணவில்லை. ஒவ்வொரு கையும் யாரோ ஒருவரின் கையைப் பிடித்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள்.

பிடித்திருந்தது.

மூன்று படகும் மூன்று நடை வந்தன. முக்கால் மணி நேரம். அவ்வளவு நேரமும் தண்ணீர் படிக்கட்டின் விளிம்பிலேயே நின்றது. ஏன் நின்றது என்று பிறகு ஆட்கள் வந்து, மதகு, கடல்மட்டம் என்று ஏதேதோ சொன்னார்கள். கலியபெருமாளைக் கேட்டால் நேராகச் சொல்வார். வரிசையில் நின்றது.

*

கடைசிப் படகில் பதின்மூன்றாம் வீடு ஏறியது. பட்டம்மாள் தன் முறைக்குப் போகாமல் அவர்களோடுதான் ஏறினாள். சுவரை மிதித்த விஷயம் இன்னும் முடியவில்லையாம்.

கலியபெருமாள் எச்சில் இலைக் கதவைச் சாத்தப் போனார். சாவிக்கொத்தில் சாவியைத் தேடினார்.

“இருங்க” என்றாள் அபரஞ்சி.

சிமென்ட் மேடையில் நின்று உள்ளே பார்த்தாள்.

இருபத்தைந்து வீடு. ஒருவரும் இல்லை. நடுவே தெரு. எழுபத்திரண்டு அடி நீளம், மூன்றரை அடி அகலம். வாஷிங் மெஷின் இல்லை. சைக்கிள் இல்லை. சாமி படம் இல்லை. ஈரக் காலடிகள் மட்டும், எல்லாம் ஒரே திசையில்.

காலியாக விட்ட இடம். காலியாகவே இருந்தது.

அவள் தும்மவில்லை. அளக்கவில்லை. வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள்.

அப்புறந்தான் தண்ணீர் உள்ளே வந்தது. அவசரமில்லாமல் வந்தது. தெருவில் வந்தது. பதின்மூன்றாம் வீட்டு வாசலில் ஒரு கணம் தயங்கியது. பிறகு வாசல் வழியாக உள்ளே போய் மூலை மூலையாய் நிரம்பியது. அடுத்த வீடு. எதிர் வீடு. கோட்டின்மேல் ஏறவில்லை. ஒரு கோட்டின்மேலும் ஏறவில்லை.

படகில் மோட்டாரை முடுக்கினார்கள். அங்கிருந்து பட்டம்மாளின் குரல் வந்தது. “ஏம்மா, வர்றியா இல்ல அங்கியே குடித்தனம் பண்ணப்போறியா?”

அபரஞ்சி இறங்குமுன் ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள்.

கூரையில் வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது. நெளிவு நெளிவாய் அல்ல. இருபத்தைந்து சதுரமாய், சதுரத்துக்கு ஒரு வாசலாய், நடுவே நேராய் ஒரு தெருவாய்.